யாருக்கும் கிடைக்காத பை

கடை வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, காலையிலிருந்து ஒரு ஆள்கூட உள்ளே வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையில் யாரோ ஒரு செம்பு மோரும் இரண்டு இளநீரும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தனபால் குனிந்து செம்புக்குள் எட்டிப் பார்த்தான்.

"சுதாகரு, நீ மோர் ஏதாச்சும் கேட்டியா?"

"இல்லீங்ணா. பெங்களூர்ல நாங்கதான் வர்றவங்களுக்குக் குடிக்கக் குடுப்போம். அவங்க நமக்குக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை."

சுதாகர், தனபாலுக்குச் சித்தப்பா மகன். பெங்களூரில் ஒரு பெரிய மாலில், வெளிநாட்டுக் கைப்பைக் கடை ஒன்றின் வாசலில் காவலாளியாக இருக்கிறான். லீவில் ஊருக்கு வந்திருந்தான். அந்தக் கடையில் ஒரு பை விற்கிற விலைக்கு இங்கே மலையில் ஒரு ஜோடி காளை வாங்கி, மிச்சக் காசில் ஒரு கல்யாணமும் பண்ணலாம் என்று அவன் சொன்ன நாளிலிருந்து தனபாலுக்குத் தூக்கம் போய்விட்டது.

தனபாலும் பைதான் விற்றான். வாசலூர்பட்டியில் படகுத் துறைக்குப் போகிற பாதையில், தகரக் கூரை போட்ட சின்னக் கடை. பவானிக்குப் போய் ஜமக்காளத் துண்டுகளை எடை போட்டு வாங்கி வருவான். அவன் மனைவி மணிமேகலை கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அவற்றைப் பையாகத் தைப்பாள். கல்லைப் போட்டுத் தூக்கினாலும் காது அறாத பை. சுற்றுலா வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், பாதி விலைக்குக் கேட்பார்கள். பிறகு எதிர்க்கடையில் அன்னாசிப்பழம் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

மணிமேகலை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டாள். "ஆடியில ஓரி விழாவுக்கு மலையே ரொம்பிப் போகும். அப்பவும் ஓடலைன்னா கடையைச் சாத்திட்டுக் கீழ போயிரலாமுங்க. எங்கப்பா பண்ணையில உங்களுக்கு வேலை இல்லாமலா போயிரும்?"

கீழே என்றால் சேந்தமங்கலம். அங்கே மாமனார் அப்பாசாமிக்குக் கோழிப்பண்ணை இருந்தது. தனபால் கண்ணை மூடினால் போதும், தான் குனிந்து முட்டை பொறுக்குவதும், வருகிற வியாபாரிகளிடமெல்லாம் மாமனார் கையை நீட்டி, 'அதா, அவருதான் நம்ம மாப்பிள்ளை' என்று காட்டுவதும் தெரிந்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்ற பேரை வாங்கிக்கொண்டு பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்கு இந்த ஏரியில் விழலாம் என்று நினைத்தான். ஏரியில் ஆழம் போதாது என்பதால் சுதாகர் சொன்னதைக் கேட்டான். 

"உங்க பையில குறையே இல்லீங்ணா. நீங்க வாங்க வாங்கன்னு கூப்புடறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. பெரிய கம்பெனிக்காரன் கூப்புட மாட்டான். கயிறு கட்டி வெளியில நிக்க வெப்பான். நிக்க வெச்சாத்தான் உள்ள என்னமோ இருக்குதுன்னு தோணும்."

அப்படி வந்ததுதான் கயிறு. வெறும் கயிறு எடுப்பாக இல்லையென்று, மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்திலிருந்து நாலைந்து கொத்து ஒடித்து இடையிடையே செருகினார்கள். பெங்களூர்க் கடை வாசலிலும் பச்சையாக ஏதோ வைத்திருப்பார்களாம்.

மோருக்கான காரணம் எதிர்க்கடையிலிருந்து வந்தது. அன்னாசி விற்கிற பழனியம்மாள் ரோட்டின் அந்தப் பக்கமே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா யாரு மேல எறங்கியிருக்கா கண்ணு? மணிமேகலை மேலயா?"

தனபாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மை போட்ட வீட்டு வாசலில்தான் வேப்பிலை செருகுவார்கள். சில்வர் ஓக் இலையும் தூரத்திலிருந்து பார்த்தால் வேப்பிலை மாதிரியேதான் இருந்தது. அம்மையெல்லாம் ஒன்றுமில்லை, இது வியாபாரத்துக்காகக் கட்டியது என்று அவன் எவ்வளவோ சொன்னான்.

"அப்படித்தான் சொல்லோணும் சாமி. ஆத்தா வந்திருக்கறதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது" என்று பழனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனசுக்காரி. வருகிற வண்டிகளையெல்லாம் நிறுத்தி, குழந்தை குட்டிகளோடு அந்தக் கடைப் பக்கம் போய்விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். மணிமேகலை தண்ணீர் பிடிக்கப் போனபோது குழாயடியே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. வரிசையில் நிற்காமல் தண்ணீர் பிடித்தது அவள் வாழ்க்கையிலேயே அன்றுதான். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இலையை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். சுதாகர் யோசித்தான். வாசலில் ஆள் நிற்காததுதான் குறை, ஆள் நின்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றான்.

செம்மேட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. மாப்பிள்ளைகளுக்குப் போட்டுப் படம் எடுக்க அங்கே ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருந்தார்கள். அதை வாடகைக்கு வாங்கி வந்து சுதாகர் போட்டுக்கொண்டான். கறுப்புக் கண்ணாடி மாட்டினான். கைக்கு வெள்ளை உறை. காதில் செல்போன் ஒயரைச் செருகி, அதன் மறுமுனையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். கையை முன்பக்கம் கோத்துக்கொண்டு, யாரைப் பார்த்தும் சிரிக்காமல் வாசலில் நின்றான்.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடையில் கூட்டம் சேர்ந்தது. தனபால் பைகளைத் தட்டி நேராக அடுக்கினான். ஆனால் கூட்டம் ரோட்டைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, குசுகுசுவென்று பேசி, அன்னாசி தின்றது.

சாயந்தரம், நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வீடு வீடாக வரி வசூலிக்கிற மாணிக்கம், கடையின் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் வந்தார்.

"ரெய்டு முடிஞ்சுதா தனபாலு?"

"என்ன ரெய்டுங்க?"

"வருமான வரிக்காரன் வாசல்ல நிக்கறானே, தெரியாதா? கையில உறை போட்டுட்டு நிக்கறான். அவங்க வந்ததுகூடப் பெருசில்லை. இத்தனை வருசமா ஒண்ணுமில்லாதவன் மாதிரியே எங்க முன்னால திரிஞ்சியே, அதைத்தான் எங்களால தாங்க முடியலை."

அது என் தம்பி என்று சொல்ல வாயெடுத்தான் தனபால். அதற்குள் சுதாகர் கண்ணாடியைக் கழற்றாமல் திரும்பி, மாணிக்கத்தைப் பார்த்து, "உள்ள இருக்கறவரு யாரு? வெளியில வரச் சொல்லுங்க" என்றான். கறுப்புக் கண்ணாடியில் அவனுக்குச் ஊர்க்காரர் யார், வேற்று ஆள் யார் என்று தெரியவில்லை. மாணிக்கம் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

அந்த வருஷம் நோம்பிக்குத் தனபாலின் வரியை மிளகுத் தோட்டக்காரர்கள் வரிக்குச் சமமாக ஏற்றிவிட்டார்கள் என்ற சேதி, செருப்பை எடுக்க வந்த ஆளின் வாய்வழியாக வந்தது. தனபால் பைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வரி ஏறினா வெலையும் ஏறோணுங்ணா. எங்க கடையில வருசா வருசம் ஏத்துவாங்க. ஏத்த ஏத்தத்தான் சனம் வரும்" என்றான் சுதாகர்.

ஏற்றினார்கள். ஒவ்வொரு பையின் விலைக்கும் பின்னால் ஒரு சுழி கூடியது. மணிமேகலை அந்த அட்டையை வாசித்துவிட்டு, சுழியைக் கை தவறி எழுதிவிட்டதாக நினைத்து அழிக்கப் போனாள்.

அதற்கு மறுநாள்தான் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அன்னாசிக் கடையில் நிற்காததால் அவர்களுக்கு அம்மையும் தெரியாது, ரெய்டும் தெரியாது. அந்தக் குடும்பத்து அம்மாவுக்குச் சிவப்புக் கோடு போட்ட பை பிடித்துவிட்டது. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். விலை அட்டையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, சரி, தங்கைக்கும் ஒன்று கொடுங்கள் என்று பர்ஸைத் திறந்தார்.

தனபால் கை தானாக நீண்டது. சுதாகர் குறுக்கே வந்தான்.

"அது ஸ்டாக் இல்லீங்க மேடம்."

"தோள்ல மாட்டியிருக்கேனே?"

"அது பாக்கறதுக்குங்க. பேரு குடுத்துட்டுப் போங்க, கூப்புடுவோம்."

"எப்போ கூப்பிடுவீங்க?"

"அதைச் சொல்ல மாட்டோமுங்க."

அந்த அம்மாவின் கணவர், படகுக்கு டிக்கெட்டாவது இன்றைக்கே கொடுப்பார்களா, அதற்கும் பெயர் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா என்று கேட்டுவிட்டு, மனைவி தோளிலிருந்த பையை அவரே கழற்றி வைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவங்க மூஞ்சி வாடிப்போச்சு பாத்தீங்களா, அதுதாங்ணா வியாபாரம்" என்றான் சுதாகர். கேட்டவுடன் கிடைத்தால் அது காய்கறி, கிடைக்காமல் ஏங்கினால்தான் அது கம்பெனிப் பை என்று விளக்கினான்.

தையல் மெஷின் நின்றது. மணிமேகலை எட்டிப் பார்த்தாள்.

"கேக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குங்க கடை? அதை ஊட்லயே உக்காந்து சொல்லலாமே, வாடகையாவது மிச்சம்."

விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பைகள் கூரை வரை ஏறி நின்றன. தனபால் மனசு விட்டுப்போய், பழைய விலைக்குப் பாதியாகக் கொடுத்தாவது தள்ளிவிடலாம் என்றான். சுதாகரின் முகம் வெளுத்துவிட்டது. கெட்ட வார்த்தையைக் கேட்டவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் விலையைக் குறைக்க மாட்டான், மிஞ்சின பையை எரித்தாலும் எரிப்பானே ஒழிய எவனுக்கும் மலிவாகக் கொடுக்க மாட்டான் என்று தன் கடையில் பேசிக்கொள்வதாகச் சொன்னான். நாலு பேர் பார்க்க ஒரே ஒரு பையை எரித்தால் போதும், மிச்சப் பைகளின் மதிப்பு மலை உச்சிக்குப் போய்விடும்.

ஏரிக்கரையில், படகுக்கு நின்றவர்களின் கண்ணெதிரே, தனபால் ஒரு பச்சைக் கோட்டுப் பையில் நெருப்பு வைத்தான். மணிமேகலை அடித்த தையல் அவ்வளவு சீக்கிரம் எரியவில்லை. புகைதான் கிளம்பியது. ஜனங்கள் பார்த்தார்கள். சுதாகர் பெருமையோடு தலையசைத்தான். அந்த நேரத்தில் வனக்காவலர் பூபதி கையில் தழைக் கொம்போடு மேட்டிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்து, பையை அடி அடியென்று அடித்து அணைத்தார். மலையில் தீ என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

மூச்சு வாங்கியபடி அவர் தனபாலைப் பார்த்த பார்வையில் கோபம் குறைந்து இரக்கம் வந்தது.

"அம்மை போட்டவங்க துணிமணியை எரிக்கறீங்களாக்கும்? இந்தக் காலத்துல எதுக்குப்பா இதெல்லாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

படகுக்கு நின்ற வரிசை கலைந்து நாலாப் பக்கமும் சிதறியது. அன்று சாயந்தரமே ஒரு நர்ஸ் வீடு தேடி வந்து, மூன்று பேரையும் நாக்கை நீட்டச் சொல்லி, முதுகைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று சுதாகர் அடம்பிடித்ததால் அவனை மட்டும் இரண்டு தடவை பார்க்க வேண்டியதாயிற்று.

அன்று இரவுச் சோற்றைப் போட்டுக்கொண்டே மணிமேகலை சொன்னாள். "அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேனுங்க. விழா முடிஞ்சதும் ரெண்டு பேரும் அங்கயே வந்தர்றோம்னு சொல்லிட்டேன். நடந்ததையும் ஒண்ணு விடாம சொன்னேன்."

தனபால் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தான். "மாமா என்ன சொன்னாரு?"

"லைன் சரியில்லை போல. ரொம்ப நேரம் சத்தமே காணோம்."

தனபால் அன்றிலிருந்து முட்டை பொறுக்குவதற்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டான். தெருவில் கோழி குறுக்கே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் வந்தது அந்த வெள்ளைக் கார். சேந்தமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிற சுபாஷ் ஓட்டி வந்தான். அவன் இறங்கி அன்னாசிக் கடைக்குப் போக, பின் கதவைத் திறந்துகொண்டு பட்டுப் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு அம்மா இறங்கினார். பழனியம்மாள் தடுப்பதற்குள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"பை இருக்குதுங்களா?"

"ஸ்டாக் இல்லீங்க" என்றான் சுதாகர், வழக்கம்போல.

அந்த அம்மா பதறிப்போனார். "அப்படிச் சொல்லாதீங்க சார். எத்தனை இருந்தாலும் எடுத்துக்கறேன். வெலையைப் பத்தி ஒண்ணுமில்லீங்க."

பேரு கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான் சுதாகர். போக மாட்டேன், கிடைக்கிறவரை இங்கேயே நிற்கிறேன் என்று அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனபாலுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. சுதாகரை ஒதுக்கிவிட்டு, சுழி சேர்த்த விலைக்கே முதல் அடுக்கைக் கொடுத்தான். அவர் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு, பெருமூச்சு விட்டபடி போனார்.

பிறகு சட்டையை இன் பண்ணிய ஒரு வாலிபன் வந்தான். பிறகு ஒரு வயதான தம்பதி. பிறகு ஒரு வாத்தியார் மாதிரி இருந்தவர். தனபால் ஒவ்வொரு தடவையும் விலையை ஏற்றினான். யாரும் பேரம் பேசவில்லை. ஆட்கள் மாறினார்களே தவிர, கார் ஓட்டி வந்தவன் மட்டும் சுபாஷ்தான். இந்த மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய டிரைவரைத்தானே பணக்காரர்கள் தேடிப் பிடிப்பார்கள் என்று தனபால் நினைத்துக்கொண்டான்.

மணிமேகலைதான் நம்பாமல் பார்த்தாள். "சிவப்பா பச்சையான்னுகூட ஒருத்தரும் பாக்கறதில்லீங்க. பையைத் திறந்துகூடப் பாக்கறதில்லை. இருக்கறதைக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போறாங்க."

"வெலை ஏறிப்போனா நெறமெல்லாம் பாக்க மாட்டாங்க புள்ள. பேரைத்தான் பாப்பாங்க."

ஓரி விழா வந்தது, போனது. கடையைச் சாத்தவில்லை. நோம்பி வரியை அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே தனபால் கட்டினான். மாணிக்கம் எழுந்து நின்று வாங்கினார். சுதாகர் பெங்களூருக்குப் போன் போட்டு வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். செம்மேட்டில் ஒரு கிளை, வெறுமனே பூட்டி வைப்பதற்காகச் சோளக்காடு என்ற ஊரில் இன்னொரு கிளை என்று இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். பை விற்றுப் பெரிதான கம்பெனிகள் அடுத்து வாசனைத் தண்ணீருக்குத்தான் போகுமாம். மிளகிலிருந்து சென்ட் எடுக்க முடியுமா என்று பார்த்து, மணிமேகலை அரை நாள் தும்மினாள்.

தனபால் நடையே மாறிவிட்டது. யாராவது கூப்பிட்டால் முதல் தடவையில் திரும்புவதில்லை.

அன்று சுபாஷ் மட்டும் தனியாக வந்தான். காரில் வேறு யாருமில்லை. ஒரு மேடத்துக்காக வாங்கிப் போக வந்தேன், இருக்கிற பையை எல்லாம் கொடுங்கள் என்றான்.

"ஒண்ணுகூடக் கிடையாது."

"பேரு குடுத்துட்டுப் போறனுங்ணா."

"பேரும் வாங்கறதில்லை. நாளையிலிருந்து மூணு மாசத்துக்குக் கடையே கிடையாது."

சுபாஷ் புரியாமல் பார்த்தான். தனபால் சாவகாசமாக விளக்கினான். ஒரு பை கிடைக்கவில்லையென்றால் ஒரு ஆள்தான் ஏங்குவான், கடையே மூடிக் கிடந்தால் ஊரே ஏங்கும். பெரிய கம்பெனிக்காரனுக்கே இன்னும் தோன்றாத யோசனை இது, இதைத் தம்பி சொல்லவில்லை, தானே யோசித்தது என்றான். தையல் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த மணிமேகலைக்கே அது புதுச் செய்தி.

"மூணு மாசமும் நாங்க கீழ மாமா பண்ணையிலதான் இருக்கப்போறோம்" என்றான் தனபால். "முட்டை பொறுக்க இல்லப்பா. பாவம், மாமா இன்னும் கேட்டவனுக்கெல்லாம் வண்டி வண்டியா முட்டையை அள்ளிக் குடுத்துட்டிருக்காரு. பண்ணை வாசல்ல ஒரு கயிறு கட்டி, தம்பியைக் கோட்டு போட்டு நிக்க வெச்சு, முட்டை கேக்க வர்றவங்களைப் பேரு குடுத்துட்டுப் போகச் சொல்லி, மிஞ்சினதை நாலு பேர் பாக்க ஒடைச்சுக் கொட்டினோம்னா, மாமா எங்கயோ போயிருவாரு."

சுபாஷின் கையிலிருந்த அன்னாசித் துண்டு கீழே விழுந்தது. ரோட்டைப் பார்த்தான், மணிமேகலையைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் தனபாலைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கீழ மட்டும் வந்துராதீங்கண்ணா, மாப்பிள்ளை பண்ணைக்குள்ள காலெடுத்து வெச்சரக் கூடாதுன்னுதான் அப்பாசாமி ஐயா ஆள் மாத்தி ஆள் அனுப்பி இந்தப் பையையெல்லாம் வாங்கிட்டிருக்காரு, குடோன்ல கோழித் தீவனம் வெக்கறதுக்கே இப்ப இடமில்லீங்க."